ஐந்து கிலோ கடி

"கடிங்க."

தாம்ஜி கடித்தான்.

"இன்னும். கடைவாய்ப் பல்லால, நல்லா."

அவன் வாயிலிருந்த எஃகுப் பட்டையைக் கையால் வெளியே எடுத்துவிட்டுச் சொன்னான். "இதுக்கு மேல கடிச்சா உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது பென். என் தாடைதான் கழண்டு விழும்."

அவன் அக்கா முறையில் 'பென்' என்று கூப்பிட்டாலும், பல் டாக்டர் நிராலி சின்னப் பெண். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பட்டையிலிருந்து ஒரு கம்பி மேசைமேல் இருந்த பெட்டிக்குப் போனது. பெட்டியில் எண் தெரிந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஒன்பது."

"ஒன்பது என்ன?" தாம்ஜியின் மனைவி ஜசு கேட்டாள்.

"கிலோ. இவர் கடியோட பலம். ஆபரேஷனுக்கு முந்தி இருபத்திநாலு."

"அப்ப வாயே பூட்டிக்கிட்டுக் கிடந்துச்சே. ஒண்ணரை விரல்கூட நுழையாது. கம்பு ரொட்டியைப் பால்ல கரைச்சு ஊத்துவேன்."

"ஆமா. இப்ப மூணு விரல் நுழையுது. கன்னத்துக்குள்ள நைலான் கயிறு மாதிரி இறுகிக் கிடந்ததை அறுத்து விட்டோம். அப்படியும் திறக்கலை. கடிக்கிறதுக்கு இழுக்கிற தசை ஒண்ணு இருக்கு, இந்த நெத்திப்பொட்டுலேர்ந்து தாடைக்கு வருது. அதையும் எலும்புலேர்ந்து விடுவிச்சோம். அதான் கடி குறைஞ்சிருக்கு."

"திரும்பி வருமா?"

"வரும். ஆறு மாசம், ஒரு வருஷம். குச்சிப் பயிற்சியை விடாம செய்யணும். எல்லாருக்கும் பழையபடி வருதான்னு எனக்கே தெரியாது. அதைத்தான் அளந்துட்டிருக்கேன்."

தாம்ஜி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "எத்தனை கிலோ இருந்தா பைப் நிக்கும்?"

"என்ன பைப்?"

ஜசுதான் சொன்னாள். "காத்து பைப், பென். போட்டுக்கு அடியில சுத்துற விசிறியில வலை சிக்கிக்கும்ல, அதை அறுத்து விடுறதுதான் இவர் வேலை. மேல கம்ப்ரசர் ஓடும். அதுலேர்ந்து வர்ற பைப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இறங்குவார்."

"முகமூடி கிடையாதா?"

"கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மூக்குக்குக் கிளிப்பு. வாய்க்குப் பைப்பு."

நிராலி நோட்டைப் புரட்டினாள். "இதுல வலை பின்றவர்னு எழுதியிருக்கே."

"இறங்குற ஆளுன்னு எழுதினா அறுக்க மாட்டீங்களோன்னு பயந்தோம்."

"எப்படி எழுதியிருந்தாலும் அறுத்திருப்பேன். அந்தக் கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு இருந்துச்சு, ஜசுபென். அதுலேர்ந்துதான் புற்று கிளம்பும்." அவள் தாம்ஜி பக்கம் திரும்பினாள். "நல்லாக் கேட்டுக்குங்க. மறுபடி இந்த வாய் பூட்டிக்கிச்சுன்னா என்னால இன்னொரு தடவை திறக்க முடியாது. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேச்ச அந்த மாவாதான் வாயைப் பூட்டினது, அதை மோந்துகூடப் பார்க்காதீங்க."

"விட்டாச்சு பென். ஆறு வாரமாச்சு."

பொய்யில்லை, அன்றைக்கு விட்டுத்தான் இருந்தான்.

தங்கள் துறைமுக ஊர் வேராவலுக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னல் ஓரம் அவனுக்கு. கோடினார் தாண்டியதும் விரல் விட்டு எண்ணினான்.

"சீசன் திறக்க இன்னும் ஒன்பது நாள்," என்றான். "ஒன்பது நாள், ஒன்பது கிலோ."

"கடவுள் கணக்குப் போட்டு வச்சிருக்கார்."

"அவர் எப்பவுமே என்கிட்ட குறைச்சுத்தான் நிறுப்பார்."

மழைக்கால மீன்பிடித் தடை நாட்களில் துறைமுகம் படகுகளை அடுக்கி வைத்த கிடங்கு மாதிரி இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்குள் வாயைச் சரிசெய்துகொண்டு முதல் நாளே தண்ணீரில் இறங்கிவிடலாம் என்றுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தான். முதல் வாரத்தில்தான் விசிறிகள் சிக்கும். மழையில் அடித்து வந்த கிழிந்த வலையெல்லாம் முகத்துவாரத்தில் கிடக்கும். அந்த வாரம் யார் இறங்குகிறானோ அவனைத்தான் வருஷம் முழுக்கக் கூப்பிடுவார்கள். மாங்ரோலிலிருந்து இதே வேலைக்கு ஒருவன் இப்போதே வந்து துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். படகுகளுக்கு வலை இழுக்கும் கலாசி ஆட்களெல்லாம் மழைக்கு முன்பே பேசி முடித்தாயிற்று. இது போனால் தாம்ஜிக்கு வேறு வேலை இல்லை.

பைப்பின் இழுப்பு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். கடல் வற்றும் நேரத்தில், முகத்துவாரத்து ஓட்டத்தில், ஒருமுறை மீன் தராசின் கொக்கியில் பைப்பை மாட்டிப் பார்த்திருந்தார்கள். ஐந்து கிலோ. டாக்டரம்மா பெட்டியில் ஒன்பது காட்டியதே என்று கேட்டால், அது ஒரு நொடிக்குக் கடித்த கடி. அடியில் அரைமணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் ஜசு வீட்டிலேயே ஒரு தராசு வைத்தாள். தாம்ஜி கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, பைப்பின் நுனியைக் கடித்துக்கொள்வான். பைப்பின் மறுபக்கத்தில் கூடை. கூடையில் அவள் பூம்லா கருவாட்டை அள்ளிப் போடுவாள். எடையை ஏற்கெனவே நிறுத்து வைத்திருப்பாள். ஆபரேஷனுக்கு முன்பு ஐந்து கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் வீடு முழுவதும் பெருக்கி முடிக்கும்வரை படுத்திருந்தவன்.

"ஒரு கிலோ. நிக்குது."

அவன் கையால் போடு போடு என்றான்.

"ஒண்ணரை. ரெண்டு."

கூடை தரையில் விழுந்தது. கருவாடு சிதறியது.

"இன்னொரு தடவை."

"தாடை நடுங்குது, பாருங்க."

"இன்னொரு தடவைன்னேன்ல."

அன்றைக்கு ஆறு முறை கருவாட்டைப் பொறுக்கினாள். இரண்டைத் தாண்டவில்லை. மறுநாளும் அதே. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரப்பர் பட்டையால தலையோட சேத்துக் கட்டிக்கிட்டா என்ன?" என்று ஜசு கேட்டாள்.

"நரோத்தம் கட்டினான்."

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நரோத்தமும் விசிறி அறுக்கிறவன்தான். சைக்கிள் டியூபால் பைப்பைத் தலையோடு கட்டிக்கொண்டு இறங்கினான். மேலே கம்ப்ரசரின் பெல்ட் அறுந்து, பைப்பில் தண்ணீர் வந்தபோது அவனால் அதைத் துப்ப முடியவில்லை. கடிக்கிறவன் துப்பவும் வேண்டும், அவ்வளவுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சட்டம்.

நான்காம் நாள் மூன்று கிலோ நின்றது. ஐந்தாம் நாள் நான்கு. ஆறாம் நாள் காலையில் கூடையில் ஐந்து கிலோ வைத்தாள். அவள் நூறு எண்ணும்வரை அசையாமல் இருந்தான்.

"வந்துடுச்சு," என்றாள் ஜசு. கூடையை இறக்கினாள். "ஒரு வருஷம்னு சொன்னாளே அந்தப் பொண்ணு."

"அவளுக்கு என்ன தெரியும்? அவ அளக்குறது படிச்ச கடி. இது நம்ம கடலோடி கார்வா கடி."

அன்று அவள் நெய் ஊற்றி, கோதுமை ரவையில் இனிப்பு லாப்சி கிளறினாள். கிண்டும்போதே, குச்சிக்கட்டு கண்ணில் பட்டது. ஐஸ் குச்சிகளை அடுக்கி நூல் சுற்றிய கட்டு. தினமும் மூன்று வேளை பல்லிடுக்கில் அதைச் செருகி, நடுவில் ஒவ்வொரு குச்சியாகத் தள்ளி, வாயைத் திறக்கவைக்க வேண்டும். இருபத்தியிரண்டு குச்சி அவன் கணக்கு. கட்டு மாடத்தில் இருந்தது. குச்சிகள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன, மேலே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. பல் பட்ட ஈரம் எதிலும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"லாப்சி ஊட்டப் போறேன். திறங்க."

திறந்தான். இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. அவள் விரலை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள். சுண்ணாம்பு.

"எத்தனை நாளா?"

"நாலு."

"யார் குடுத்தா?"

"யார் குடுப்பா? படகுத்துறைக்குப் போனா எல்லாரும் உள்ளங்கையில தேச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாங்க. ஒருத்தன் நீட்டினா வேண்டாம்னு சொல்லலாம். பத்துப் பேர் நீட்டினா?"

"பத்துப் பேரும் செத்தா நீங்களும் கூடப் போவீங்க."

"அது இல்ல ஜசு. நானாத்தான் வாங்கினேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கேளு. இத்தனை வருஷமும் பைப்பைப் பிடிச்சிருந்தது என் பல்லுன்னு நினைச்சுட்டிருந்தேன். பல்லு இல்ல, பூட்டு. வாய் ஒண்ணரை விரல், பைப்பும் ஒண்ணரை விரல். ஒரு தடவை சொருகிட்டா நானே நினைச்சாலும் விழாது. தூங்கினாக்கூட விழாது."

"செத்தாக்கூட விழாது."

"அதான் சொல்றேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தான் ஏதோ நல்ல வழியைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி தலையாட்டினான்.

"நரோத்தம் டியூபால கட்டினான்," என்றாள் மெல்ல. "நீங்க மாவாவால கட்டிக்கிறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

"சீசன் முடியுற வரைக்கும் பூட்டிக் கிடக்கட்டும். அப்புறம் அந்தப் பொண்ணுகிட்டப் போவோம்," என்றான்.

"அவ என்ன சொன்னா? இன்னொரு தடவை திறக்க முடியாதுன்னா. நீங்க பல் படத்தைப் பார்த்துட்டிருந்தீங்க. நான் அவ மூஞ்சியைப் பார்த்துட்டிருந்தேன்."

"அப்ப நான் என்ன செய்ய? நீயே சொல்லு. திறந்த வாயை வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஊர் முழுக்க நடந்து காட்டவா, பாருங்கடா மூணு விரல் போகுதுன்னு?"

ஜசு எழுந்து குச்சிக்கட்டை எடுத்தாள். எறும்பைத் தட்டினாள். "வாயைத் திறங்க."

பதினாறு குச்சிவரை சுலபமாகப் போனது. பதினேழாவதில் கண்ணில் நீர் வந்தது. பதினெட்டாவதைத் தள்ளும்போது உள்ளே எங்கோ கிழிந்து உதட்டோரம் ரத்தம் வந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். பத்தொன்பதாவதை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தான், தள்ளவில்லை. அவள் பத்தொன்பதைத் தள்ளினாள்.

அடுத்த மூன்று நாளும் இதுதான் நடந்தது. அவன் ஒவ்வொரு முறையும் கூடையை மாட்டச் சொல்லிச் சைகை காட்டினான். வாய் இளக இளகக் கூடையில் எடை இறங்கியது. நான்கு. மூன்று. சீசனுக்கு முந்தின நாள், இருபத்தியிரண்டு குச்சியும் நுழைந்த அன்று, இரண்டு.

கடலுக்குத் தேங்காய் விட்டு, கொடி ஏற்றி, படகுகள் முகத்துவாரம் வழியாக வரிசையாய்ப் போயின. காலை பத்து மணிக்குள் முதல் விசிறி சிக்கியது. தலைமை மாலுமி மேகஜி தண்டேலின் படகு. ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி, நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மற்றப் படகுகள் ஊளையிட்டுக்கொண்டு போயின.

தாம்ஜியும் ஜசுவும் கம்ப்ரசர் வைத்த சின்னப் படகில் அதன் பின்பக்கம் சேர்ந்தார்கள். பெண்பிள்ளை கம்ப்ரசர் ஓட்டுவதா என்று முதலில் சிரித்த துறைமுகம்தான். நரோத்தம் போனபிறகு தாம்ஜி வேறு யாரையும் அந்த மெஷின் பக்கம் விடவில்லை. சிரிப்பு அதோடு நின்றது. மேகஜி அவளுக்கு மாமனார் முறை. அதனால் அவள் அவர் முன்னால் முக்காடு போட்டிருந்தாள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தாள். ஜசுவின் கடிக்கு யாரும் கிலோ பார்த்ததில்லை.

"வாடா தாம்ஜி," மேகஜி மேலிருந்து எட்டிப் பார்த்தார். "வாய் திறந்துருச்சாமே. ஊரே பேசுது. இனிமே உன் வாயை எப்படிடா மூடுறது?"

"உங்க விசிறியை வச்சு அடைச்சுக்கிறேன், மாமா."

"இந்தா, ஒரு வாய் போட்டுக்கிட்டு இறங்கு. அடியில குளிரும்." மாவா பொட்டலம் ஒன்று மேலிருந்து விழுந்தது. தாம்ஜி பிடித்தான். பிடித்த கையை அப்படியே வைத்திருந்தான்.

ஜசு அவருடன் நேராகப் பேசமாட்டாள். காற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அது வாய்க்குள்ள போச்சுன்னா இந்த மெஷின் ஓடாதுன்னு சொல்லிடுங்க."

"மருமவ என்னடா சொல்றா?"

"குளிராதுன்னு சொல்றா," என்றான் தாம்ஜி. பொட்டலத்தைப் பலகை இடுக்கில் செருகினான். தூக்கி எறியவில்லை, ஜசு பார்த்தாள்.

கயிற்றை இழுத்து இன்ஜினை ஓட்டினாள். அவன் கண்ணாடியை மாட்டி, மூக்கில் கிளிப்பைப் போட்டு, கத்தியை மணிக்கட்டில் கட்டி, பைப்பைக் கடித்தான். இறங்கினான்.

நீர்க்குமிழிகளைப் படிக்கத் தெரிந்தவள் அவள். மூச்சு விடுகிறவனின் குமிழி கொத்துக் கொத்தாக வரும், நடுவில் இடைவெளி விட்டு. வந்தது. ஒரு கொத்து, இடைவெளி, ஒரு கொத்து. பத்துக் கொத்து எண்ணினாள். பதினொன்றாவது நிற்காமல் வந்தது. இடைவெளி இல்லாமல், பானை கொதிக்கிற மாதிரி. பைப் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பைப்பை இழுத்தாள். கனமே இல்லாமல் வந்தது.

"மாமா, அந்தப் பக்கம் பாருங்க." முக்காடு பல்லிலிருந்து விழுந்திருந்தது. "மாமா, பாருங்க."

அவர் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். மறுபக்கம் ஓடினார்.

தாம்ஜி சுக்கானுக்கு அருகே மேலே வந்து, இருமி, கடல்நீரைக் கக்கினான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் படகு ஓரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"கையில வலை, வாயில பைப்," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஓட்டம் ஒரு இழுப்பு இழுத்துச்சு. போயிடுச்சு."

மேகஜி குனிந்தார். "என்னடா, முடியலையா? மாங்ரோல்காரன் படகுத்துறையிலதான் நிக்கிறான். ஒரு போன் போட்டாப் போதும். நான் இன்னைக்கு வெளியே போயாகணும் தாம்ஜி, தப்பா நினைக்காதே."

தாம்ஜியின் கண் பலகை இடுக்குக்குப் போனது. ஜசுவின் கண்ணும் போனது. ஒரு பொட்டலம் போட்டால் இன்றைக்கே வாய் பூட்டிக்கொள்ளாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அவன் கை அந்தப் பக்கம் நகர்ந்தது. அவள் அதற்கு முன்னால் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். பொட்டலம் மிதந்தது. ஓட்டம் அதைக் கொண்டு போனது.

"பைப்பும் இல்ல, அதுவும் இல்ல," என்றான். "இப்ப?"

"எத்தனை சுத்து இருக்கு?"

"பதினஞ்சு இருக்கும்."

அவள் இன்ஜினை நிறுத்தினாள். திடீரென்று அலை படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஒரு தடவைக்கு ஒரு சுத்து அறுங்க. நான் எண்ணுறேன். அறுபதுக்குள்ள மேல வந்துடணும். எனக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது, சொல்லிட்டேன்."

"பள்ளிக்கூடத்துல நூறு வரைக்கும் சொல்லித் தருவாங்களே."

"அன்னைக்கு நான் போகலை."

அவன் போனான். முப்பத்தெட்டில் வந்தான், கையில் ஒரு முழ வலையோடு. மறுபடி போனான். நாற்பத்திநாலு. மேகஜி முதலில் ஏதோ முணுமுணுத்தார், பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டார். ஆறாவது முறை வரும்போது தாம்ஜியின் உதடு நீலமாக இருந்தது. ஒன்பதாவது முறை விரல் வெட்டுப்பட்டிருந்தது.

"போதும்னா போதும்," என்றாள்.

"போதாது."

பதினொன்றாவது முறை அவள் சத்தமாக எண்ணினாள். ஐம்பது. ஐம்பத்தைந்து. குமிழி இல்லை. மூச்சைப் பிடித்தவனிடமிருந்து குமிழி வராது, அதனால் படிக்க எதுவும் இல்லை. ஐம்பத்தொன்பது. அறுபது.

மேகஜி அவளைப் பார்த்தார். அவள் படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தொண்ணு," என்றாள். "அறுபத்திரண்டு. அறுபத்திமூணு."

எழுபத்தொன்றில் தண்ணீர் பிளந்தது. தாம்ஜி தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தான். மூன்று விரல் இல்லை, கைமுஷ்டியே போகும்போல அகலத் திறந்து, காற்றை அள்ளி அள்ளி உள்ளே இழுத்தான். பூட்டிக் கிடந்த நாட்களில் இவன் மூச்சை உறிஞ்சித்தான் குடிப்பான், சூடான டீயைக் குடிக்கிற மாதிரி. இப்படி ஒரு வாயை ஜசு கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. உள்ளே கிழிந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது.

"எவ்வளவு எண்ணின?"

"அறுபது."

"இன்னும் நாலு சுத்து இருக்கு."

அவன் தாடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் முக்காட்டின் ஓரத்தை எடுத்து மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள். உடனே விட்டாள், எண்ண வேண்டுமே.

அவன் இறங்கினான்.

"ஒண்ணு," என்றாள்.